பைலட் இல்லாத விமானத்தை எப்போது நம்புவோம்? பெங்களூரு 1990 முதல் மாஞ்சோலை மலை வரை: ஒரு விளக்கம்

மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். மழை நாளில் மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த வளைவு எங்கே என்றே தெரியாது. முதல் முறை போகிறவர் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி டிரைவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அதே பஸ்ஸில் வருஷக்கணக்காகப் போய்வருகிற எஸ்டேட் அக்கா ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்குவார்.

ரோடும் ஒன்றுதான், பஸ்ஸும் ஒன்றுதான். ஒருவர் பயப்படுகிறார், இன்னொருவர் தூங்குகிறார். அந்த டிரைவர் மழையில் எப்படி ஓட்டுவார், எந்த வளைவில் ஹாரன் அடிப்பார், எங்கே நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பார் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அதுதான் வித்தியாசம்.

இப்போது டிரைவரே இல்லாத ஒரு வாகனத்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் ரோட்டில் இல்லை, வானத்தில். ஐப்பசி மழையில் மரம் விழுந்து மலைப்பாதை அடைபட்டுக் கிடக்கிறது. ஊத்து எஸ்டேட்டில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து கீழே ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஒரு ட்ரோன் தானாகவே பறந்து அதைக் கொண்டுவரும் என்கிறார்கள். நம்புவீர்களா?

காட்சி கற்பனைதான். ஆனால் கேள்வி நிஜம். விமானப் பொறியாளர்களும் உளவியல் ஆய்வாளர்களும் பல வருஷமாகக் கேட்டுவரும் கேள்வி இது. இதற்கான பதில் ஆளுக்கு ஆள் மாறும். அதே ஆளிடம் ஆறு மாசம் கழித்துக் கேட்டாலும் மாறும். எப்படி மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று பார்க்கலாம்.

முதலில், 'தானாகப் பறப்பது' என்றால் என்ன?

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று வகை இருக்கிறது.

* ரிமோட்டில் பறப்பது: கல்யாண வீட்டு ட்ரோன் மாதிரி. கீழே ஒருவர் கையில் கன்ட்ரோல் இருக்கும்.
* பைலட்டுக்கு உதவியாகத் தானியங்கி இருப்பது: நாம் ஏறும் பயணிகள் விமானங்கள் எல்லாம் இந்த வகை. ஆட்டோபைலட் பெரும்பாலான நேரம் விமானத்தை ஓட்டும், பைலட்டுகள் மேற்பார்வை பார்ப்பார்கள்.
* முழுக்கத் தானாகவே பறப்பது: கிளம்பும் இடம், சேரும் இடம் இரண்டையும் கொடுத்துவிட்டால் போதும். பாதை, உயரம், திரும்பி வரும் முடிவு என எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது வகைதான் புதுசு என்று தோன்றும். ஆனால் பயணிகளோடு ஒரு விமானம் தானாகவே ஓடுபாதையைத் தொட்டது 1965-லேயே நடந்துவிட்டது. பிரிட்டனின் டிரைடன்ட் ரக விமானம் லண்டன் ஹீத்ரோவில் அப்படி இறங்கியது. அறுபது வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பயணிகள் விமானத்தின் முன்னால் இரண்டு பைலட்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தொழில்நுட்பம் ஓடிய வேகத்துக்கு நம்பிக்கை ஓடவில்லை. அது தப்பும் இல்லை. ஏன் என்பது கீழே புரியும்.

நம்பிக்கை எப்படி உருவாகுது, எப்படி உடையுது?

மனிதர்கள் மேல் வைக்கும் நம்பிக்கையைப் போலவே இயந்திரங்கள் மேல் வைக்கும் நம்பிக்கையையும் அளந்து ஆராயலாம் என்ற எண்ணம் 1980-களில் வலுப்பட்டது. பானி மியூர் என்ற ஆய்வாளர் 1987-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் ஒரு தொடக்கப் புள்ளி. பிறகு 2004-ல் ஜான் லீ, கட்ரீனா சீ ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. நம்பிக்கை அதிகமாக இருப்பது இலக்கு இல்லை. இயந்திரத்தின் உண்மையான திறமை எவ்வளவோ அந்த அளவுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நல்ல கருவி பயன்படாமல் கிடக்கும். கூடினால் ஆள் சாவார்.

2015-ல் கெவின் ஹாஃப், மசூதா பஷீர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, நம்பிக்கைக்கு மூன்று அடுக்கு இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். நம் மாஞ்சோலை பஸ்ஸை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

முதல் அடுக்கு, ஆளின் இயல்பு. சிலர் எந்தப் புது விஷயத்தையும் சட்டென்று நம்புவார்கள், சிலர் எளிதில் நம்ப மாட்டார்கள். இரண்டாவது, சூழல். வெயில் நாளில் இருக்கும் தைரியம் மூடுபனியில் இருக்காது. மூன்றாவது, அனுபவம். அக்கா தூங்குவது இந்த மூன்றாவது அடுக்கால்தான். காலப்போக்கில் அதிகமாக மாறுவதும் இந்த அடுக்குதான்.

அனுபவத்தால் வரும் நம்பிக்கைக்கு சில குணங்கள் உண்டு. அது மெதுவாக ஏறும், சட்டென்று இறங்கும். ஆரம்பத்திலேயே தப்பு நடந்தால் அடி பலமாக விழும்.

இயந்திரத்தின் மேல் நமக்குக் கோபமும் கொஞ்சம் அதிகம். பெர்க்லி டீட்வோர்ஸ்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மனிதனும் கணினியும் கணிப்பு சொல்கிறார்கள். இரண்டு பேரும் தப்பு செய்கிறார்கள். கணினி ஒட்டுமொத்தமாகக் குறைவாகத்தான் தப்பு செய்கிறது. இருந்தாலும் அது தப்பு செய்வதை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் சீக்கிரம் கைவிட்டது கணினியைத்தான். மனிதனுக்கு 'பாவம், தெரியாம பண்ணிட்டான்' என்று ஒரு சலுகை கிடைக்கிறது. இயந்திரத்துக்கு அது கிடையாது.

இன்னொரு விஷயம், நமக்குச் சுலபமாகத் தோன்றும் வேலையில் இயந்திரம் தப்பு செய்தால் நம்பிக்கை இன்னும் வேகமாகக் குறையும். மூடுபனியைத் தாண்டி மலையைத் தாண்டி வந்த ட்ரோன், கடைசியில் மைதானத்தில் இறங்காமல் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் இறங்கிவிட்டது என்று வையுங்கள். 'இவ்வளவு தூரம் வந்ததே' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'இதுகூடத் தெரியாதா' என்றுதான் கேட்பார்கள்.

இந்தியா ஒரு தானியங்கி விமானத்தைப் பார்த்துப் பயந்த கதை

இதெல்லாம் ஆய்வுக்கூடத்து விஷயம் மட்டும் இல்லை. நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

1990 பிப்ரவரி 14. மும்பையிலிருந்து பெங்களூரு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 விமானம், ஓடுபாதைக்குச் சற்று முன்னாலேயே ஒரு கோல்ஃப் மைதானத்தில் தரைதட்டி நொறுங்கித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள்.

அந்த விமானம் ஏர்பஸ் ஏ320. இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகம் கணினிமயமான பயணிகள் விமானம் அதுதான். பழைய விமானங்களில் பைலட் கட்டுப்பாட்டை அசைத்தால் கம்பிகளும் ஹைட்ராலிக் அமைப்புகளும் இறக்கையின் பாகங்களை நகர்த்தும். ஏ320-ல் பைலட் அசைப்பது ஒரு சிறிய கைப்பிடியை. அந்த உத்தரவு முதலில் கணினிக்குப் போகும். கணினி சரிபார்த்துத்தான் இறக்கையை அசைக்கும்.

விபத்துக்கு என்ன காரணம்? தரையிறங்கும் நேரத்தில் விமானம் ஒரு குறிப்பிட்ட இறக்க மோடில் இருந்தது. அந்த மோடில் என்ஜின்கள் மிகக் குறைந்த சக்தியில்தான் ஓடும். கணினி வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்ற நிலைமை அங்கே இல்லை. வேகம் குறைந்துகொண்டே வந்தது. பைலட்டுகள் உணர்ந்து சக்தியைக் கூட்டியபோது நேரம் கடந்துவிட்டது. நிலைமையின் தீவிரத்தை பைலட்டுகள் உணரவில்லை என்றுதான் விசாரணை முடிவு சொன்னது. விமானத்தில் கோளாறு என்று அது சொல்லவில்லை.

ஆனால் மக்கள் மனசில் பதிந்தது வேறு. 'கம்ப்யூட்டர் ஓட்டுற விமானம் விழுந்துடுச்சு.' இரண்டு வருஷம் முன்னால், 1988-ல் பிரான்ஸில் ஒரு விமானக் கண்காட்சியில் இதே ரக விமானம் மரங்களில் மோதி 3 பேர் இறந்த செய்தியும் சேர்ந்துகொண்டது. மத்திய அரசு இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் அனைத்தையும் பறக்க விடாமல் நிறுத்தியது. புத்தம் புது விமானங்கள் மாதக்கணக்கில் சும்மா நின்றன.

நம்பிக்கை வரைபடத்தின் முதல் பள்ளம் இது. புது இயந்திரம், ஆரம்பத்திலேயே பெரிய தப்பு. மக்கள் பார்வையில் அது பைலட்டின் தப்பாக இல்லாமல் இயந்திரத்தின் தப்பாக மாறியது.

அதே விமானத்தில் இன்றைக்கு நாம் தூங்கிக்கொண்டு போகிறோம்

இன்றைக்கு நிலைமை என்ன? இண்டிகோவின் பெரும்பாலான விமானங்கள் ஏ320 குடும்பத்தைச் சேர்ந்தவைதான். நெல்லைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் ரொம்ப காலம் ஏடிஆர் ரகச் சிறிய விமானங்கள்தான் இறங்கின. ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. எதற்காக நீட்டினார்கள்? ஏ320 போன்ற பெரிய விமானங்கள் வந்து இறங்கத்தான். 35 வருஷம் முன்னால் நாடே பயந்து நிறுத்திவைத்த விமானம், இப்போது 'எப்போ வரும்' என்று நாம் காத்திருக்கும் விமானம்.

இந்த மாற்றத்தை எந்த விளம்பரமும் கொண்டுவரவில்லை. பைலட் பயிற்சி மாறியது. தானியங்கி எந்த மோடில் இருக்கிறது என்பதை இரண்டு பைலட்டுகளும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கம் வலுவானது. ஒவ்வொரு விபத்தும் விசாரிக்கப்பட்டு அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான முறை அந்த விமானங்கள் பத்திரமாக இறங்கின.

2025 நவம்பர் கடைசியில் இன்னொரு சோதனை வந்தது. அதற்கு முந்தைய மாதம் அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவன விமானம் ஒன்று திடீரெனக் கீழே இறங்கியதில் பயணிகள் காயமடைந்தார்கள். தீவிர சூரியக் கதிர்வீச்சு விமானக் கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுக்கலாம் என்று ஏர்பஸ் அறிவித்தது. உலகம் முழுக்க சுமார் 6,000 விமானங்களைச் சரிசெய்யச் சொன்னது. இந்தியாவில் மட்டும் 300-க்கும் மேற்பட்டவை. சில நாட்களிலேயே பெரும்பாலானவை சாஃப்ட்வேர் மாற்றப்பட்டுத் திரும்பப் பறந்தன.

1990-ல் மாதக்கணக்கில் நிறுத்தம், 2025-ல் சில நாட்கள். இடையில் சேர்ந்த அனுபவம் ஒரு காரணம். தப்பைத் தயாரிப்பாளரே முன்வந்து சொன்னது இன்னொரு காரணம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது.

மறைத்தால் என்ன ஆகும்? 737 மேக்ஸ் பாடம்

2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொன்று, 157 பேர். இரண்டும் போயிங் 737 மேக்ஸ்.

அந்த விமானத்தில் எம்காஸ் என்ற ஒரு தானியங்கி அமைப்பு இருந்தது. விமானத்தின் மூக்கு அதிகமாக மேலே போனால் அது தானாகவே கீழே தள்ளும். ஒரே ஒரு சென்சாரின் தகவலை நம்பி அது வேலை செய்தது. அந்த சென்சார் தப்பாகச் சொன்னபோது, பைலட்டுகள் மேலே இழுக்க இழுக்க அது கீழே தள்ளியது. முதல் விபத்து நடக்கும்வரை இப்படி ஓர் அமைப்பு இருப்பதே பெரும்பாலான பைலட்டுகளுக்குச் சொல்லப்படவில்லை.

இந்தியா உட்பட உலக நாடுகள் அந்த விமானத்தைத் தடை செய்தன. இங்கே 2019 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, 2021 ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்ப அனுமதி கிடைத்தது. இயந்திரம் தப்பு செய்ததைவிட, 'உங்களுக்குள்ளே என்ன இருக்குன்னு எங்கிட்ட சொல்லலையே' என்ற கோபம்தான் அதிக நாள் நின்றது.

நம்பிக்கை ரொம்ப அதிகமானாலும் ஆபத்துதான்

இதுவரை நம்பிக்கை குறைந்த கதைகளைப் பார்த்தோம். இதற்கு நேரெதிரான ஆபத்து ஒன்று உண்டு.

2013 ஜூலையில் ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 சான் பிரான்சிஸ்கோவில் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடற்சுவரில் மோதியது. 3 பேர் இறந்தார்கள். வேகத்தைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும் என்று பைலட்டுகள் நினைத்திருந்தார்கள். அப்போது அது பார்த்துக்கொள்ளும் மோடில் இல்லை. கிட்டத்தட்ட 1990 பெங்களூரு கதையேதான், 23 வருஷம் கழித்து, வேறொரு கம்பெனி விமானத்தில்.

2009 ஜூனில் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ல் 228 பேர் இருந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்ததும் ஆட்டோபைலட் தானாகவே விலகிக்கொண்டது. நள்ளிரவில், புயல் மேகங்களுக்கு நடுவில், விமானம் திடீரென்று மனிதர்கள் கைக்கு வந்தது. அவர்களால் நிலைமையைப் புரிந்துகொண்டு சமாளிக்க முடியவில்லை.

ஆட்டோபைலட் வருஷக்கணக்காகச் சரியாக வேலை செய்தால் பைலட்டின் கவனம் தளரும், கைப்பழக்கமும் குறையும். இயந்திரம் கைவிடும் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் மனிதன் தேவை. ஆனால் அந்த நிமிஷத்துக்கு அவர் தயாராக இல்லாமல் போவதற்கும் இயந்திரத்தின் நல்ல வேலையே காரணமாகிவிடுகிறது.

காலேஜில் தமிழ் படித்தவர்களுக்குத் திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் ஞாபகம் வரும். அதன் கடைசிக் குறள் இரண்டு தப்பையும் ஒரே தராசில் வைக்கிறது. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்பது அதன் கருத்து. அரசன் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குச் சொன்னது. ஆட்டோபைலட்டுக்கும் பொருந்துகிறது.

சரி, தமிழ்நாட்டில் ட்ரோனை எப்படிப் பார்க்கிறோம்?

பெரிய விமானத்தை விட்டுவிட்டு நம் தலைக்கு மேலே பறப்பதற்கு வரலாம்.

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். திருப்பூர் போலீஸ் வெளியிட்ட ட்ரோன் வீடியோ ஞாபகம் இருக்கிறதா? மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ட்ரோனைப் பார்த்ததும் தெறித்து ஓட, ஒருவர் கேரம் போர்டையே தலைக்கு மேலே பிடித்து ஒளிந்துகொள்வார். நாம் எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஓடியவர்களுக்கு ட்ரோன் என்றால் 'மேலே இருந்து நம்மைப் பிடிக்க வருவது' என்றுதான் முதல் அறிமுகம் ஆனது.

2023 மே மாதம் கம்பம் ஊருக்குள் அரிக்கொம்பன் யானை நுழைந்தபோது, ஒரு யூடியூபர் பறக்கவிட்ட ட்ரோனால் யானை மிரண்டதாகச் சொல்லப்பட்டு அவர் கைது செய்யப்பட்டார். 2021-ல் நீலகிரியில் டி23 புலியைத் தேடியபோது வனத்துறையே ட்ரோன்களைப் பயன்படுத்தியது. அந்தப் புலி மசினகுடிப் பகுதியில் உயிரோடு பிடிபட்டது. இரண்டு இடத்திலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மாதிரி கருவி. ஒன்றின் மேல் கோபம், இன்னொன்றின் மேல் நம்பிக்கை. கருவி யார் கையில், எதற்காக என்பதுதான் மாறியது.

வயலில் கதை வேறு. பத்து லிட்டர் மருந்து டேங்கோடு ஓர் ஏக்கரைப் பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிடும் ட்ரோன்கள் வந்துவிட்டன. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. இலக்கு 15,000 குழுக்கள். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடும் ஒரு விவசாயி இதை எப்போது நம்புவார்? முதல் நாள் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார். பக்கத்து வயலில் அடித்த மருந்து வேலை செய்ததா என்று ஒரு வாரம் கழித்துப் பார்ப்பார். பிறகு ஒரு மூலையில் அடிக்கச் சொல்வார். ஆய்வாளர்கள் சொல்லும் அனுபவ அடுக்கு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறுவது இப்படித்தான்.

மாஞ்சோலைக்கு ட்ரோன் வந்தால்?

இப்போது மலைக்குத் திரும்புவோம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தமிழ்நாட்டில் அதிக மழை பெய்த இடங்களின் பட்டியலில் நாலுமுக்கும் ஊத்தும் அடிக்கடி முதலில் வரும். கீழே இறங்க ஒரே மலைப்பாதை. மருந்து ட்ரோனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று தோன்றும்.

நாட்டில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2021 அக்டோபரில் மணிப்பூரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ட்ரோன் மூலம் கொரோனா தடுப்பூசியை லோக்டாக் ஏரியில் உள்ள காராங் தீவுக்கு அனுப்பியது. வான்வழி 15 கிலோமீட்டர். 12 முதல் 15 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் மாஞ்சோலையில் நம்பிக்கை என்பது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்காது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனி எடுத்த நிலம் அது. குத்தகை 2028-ல் முடிகிறது. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக நெல்லையில் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்தார்கள். 2024-ல் கம்பெனி தோட்டத்தை முன்கூட்டியே மூட முடிவெடுத்து விருப்ப ஓய்வை அறிவித்தது. டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த வருஷம் டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தலைமுறைகளாக லைன் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு, 'நாளைக்கு இங்க இருப்போமா' என்பதே கேள்வி ஆகிவிட்டது.

அந்த மக்களின் தலைக்கு மேலே திடீரென்று ஒரு ட்ரோன் பறந்தால் அவர்கள் மனசில் முதலில் என்ன தோன்றும்? மருந்து வருகிறது என்றா, யாரோ கணக்கெடுக்கிறார்கள் என்றா? இரண்டாவதாகத் தோன்றினால் அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. இயந்திரத்தை நம்புவதற்கு முன்னால் அதை அனுப்பியவரை நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கையை எந்த சாஃப்ட்வேரும் கொடுக்காது.

2023 செப்டம்பரில் இதே பகுதி ஒரு சின்ன ஒத்திகையைப் பார்த்தது. கம்பத்தில் பிடித்து முத்துக்குழி வனத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன், மாஞ்சோலை எஸ்டேட் பகுதிக்குள் வந்துவிட்டது. அதன் கழுத்தில் ரேடியோ காலர். யானை எங்கே நிற்கிறது என்பது வனத்துறையின் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். லைன் வீட்டில் இருப்பவருக்கு அந்தப் புள்ளி தெரியாது, யானைதான் தெரியும். சிக்னல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அந்தத் தகவல் தெருவுக்கு வந்து சேர்ந்தால்தான் அவரால் நிம்மதியாகத் தூங்க முடியும்.

திரும்பிப் போன ட்ரோன் தப்பு செய்ததா?

முதலில் சொன்ன கற்பனைக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் விஷமுறிவு மருந்தோடு கிளம்புகிறது. நடுவழியில் எதிர்க்காற்று. பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைகிறது. இப்படியான நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்பது ட்ரோனுக்குள் எழுதப்பட்ட பாதுகாப்பு விதி. 'ரிட்டர்ன் டு ஹோம்' என்பார்கள். சிக்னல் அறுந்தாலும் அப்படித்தான். ட்ரோன் அதைச் சரியாகச் செய்கிறது.

ஊத்தில் டார்ச் அடித்துக்கொண்டு மைதானத்தில் நிற்கும் நர்ஸுக்கு என்ன தெரியும்? வரும் என்று சொன்னார்கள், வரவில்லை. அவ்வளவுதான். பொறியாளரின் பதிவேட்டில் அது பாதுகாப்பான பயணம். நர்ஸின் அனுபவத்தில் அது கைவிடப்பட்ட இரவு. அடுத்த முறை அவர் ட்ரோனுக்காகக் காத்திருக்க மாட்டார், ஜீப்பைத்தான் தேடுவார்.

அதே இரவில், 'காற்று அதிகம், திரும்புகிறது, ஜீப்பில் கிளம்புங்கள்' என்று ஒரே ஒரு போன் வந்திருந்தால்? மருந்து அப்போதும் வந்திருக்காது. ஆனால் நோயாளிக்கு அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். ட்ரோன் மேல் இருந்த நம்பிக்கையும் முழுசாகப் போயிருக்காது.

அப்போ என்ன செய்யணும்?

மேலே பார்த்த விபத்துகளும் ஆய்வுகளும் சொல்வதைச் சுருக்கினால், இப்படி ஒரு சேவை எங்கே தொடங்கினாலும் இந்த நான்கு விஷயம் தேவை.

* சின்னதாகத் தொடங்க வேண்டும். முதல் நாளே பாம்புக்கடி மருந்து வேண்டாம். வெயில் நாளில், பகலில், பிரஷர் மாத்திரை கொண்டுவரட்டும். ஆரம்பத் தப்பு உயிரைத் தொடாத இடத்தில் நடக்கட்டும்.
* முடியாததை முதலிலேயே சொல்ல வேண்டும். கனமழையிலும் பலத்த காற்றிலும் ட்ரோன் பறக்காது என்றால், அதை அந்த மலையில் மழைக்காலத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.
* உள்ளூர் ஆளிடம் ஒரு பொத்தானாவது இருக்க வேண்டும். இறங்காதே, காத்திரு, திரும்பிப் போ என்று சொல்லும் உரிமை. கணிப்பைக் கொஞ்சமாவது மாற்ற அனுமதித்தால் மக்கள் அந்தக் கருவியை விடாமல் பயன்படுத்துகிறார்கள் என்று டீட்வோர்ஸ்ட் குழு அடுத்து நடத்திய ஆய்வும் சொன்னது.
* பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். மருந்து வராவிட்டால் யாரைக் கேட்பது? அவர் பெயரும் போன் நம்பரும் நர்ஸிடம் இருக்க வேண்டும்.

சட்டமும் இதில் கொஞ்சம் வருகிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களுக்குத் தனி அடையாள எண் வேண்டும், வணிகப் பயன்பாட்டுக்குப் பறக்கவிடுபவருக்குச் சான்றிதழ் வேண்டும். மாஞ்சோலை இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிட முடியாது. கல்யாண வீடியோ எடுக்கும் நினைப்பில் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடாதீர்கள்.

அடுத்து என்ன?

சீனாவில் பைலட் இல்லாமல் ஆளை ஏற்றிச் செல்லும் ஈஹாங் நிறுவன விமானத்துக்கு 2023 அக்டோபரில் அந்நாட்டு அரசு சான்று கொடுத்தது. சென்னை ஐஐடியில் உருவான 'ஈபிளேன்' நிறுவனம் மின்சார ஏர் டாக்ஸியை உருவாக்கி வருகிறது. அதில் பைலட் உண்டு. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு டிரைவர் இல்லாத ரயில்கள் வந்துவிட்டன. ஆக, 'டிரைவர் எங்கே?' என்ற கேள்வியை நாம் ஒவ்வொருவரும் அடுத்த சில வருஷத்தில் எங்காவது ஒருமுறை கேட்கத்தான் போகிறோம்.

அப்போது பயம் வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. பழகிய பிறகு பயமே வராமல் போனால்தான் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். மாஞ்சோலை பஸ்ஸில் தூங்குகிற அக்காவைக் கவனித்துப் பாருங்கள். வழக்கமாக ஹாரன் அடிக்கும் வளைவில் ஒருநாள் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை என்றால், பஸ்ஸில் முதலில் கண் விழிப்பது அவராகத்தான் இருக்கும்.